வெளிநாட்டு வேலை: சம்பளத்தைப் பார்க்கும் முன் பார்க்க வேண்டியவை

வெளிநாட்டிலிருந்து ஆஃபர் லெட்டர் வந்ததும் கிட்டத்தட்ட எல்லோரும் முதலில் செய்வது, அதிலுள்ள சம்பளத்தை அன்றைய நாணய மாற்று விகிதத்தால் பெருக்கிப் பார்ப்பது. வருகிற தொகை இப்போதைய சம்பளத்தைப் போல மூன்று மடங்கோ நான்கு மடங்கோ இருக்கும். பாதி முடிவு அங்கேயே எடுக்கப்பட்டுவிடுகிறது. அதற்கு ஏற்ற காரணங்களைச் சேகரிப்பதில்தான் அடுத்த சில வாரங்கள் போகின்றன.

2022-இல் உலகத்தின் மொத்தத் தொழிலாளர்களில் 16.77 கோடிப் பேர் வேறு நாட்டிலிருந்து வந்து வேலை செய்பவர்கள் அல்லது வேலை தேடுபவர்கள் என்பது சர்வதேச தொழிலாளர் அமைப்பின் (ஐ.எல்.ஓ.) கணக்கு. ஏறக்குறைய 21 பேருக்கு ஒருவர். இவ்வளவு பேர் போகிறார்கள் என்றால் போவதில் லாபம் இருக்கத்தான் செய்கிறது. அதில் சந்தேகம் வேண்டாம். ஆனால் நன்றாகச் சம்பாதித்துத் திரும்புகிறவருக்கும் கடனோடு திரும்புகிறவருக்கும் ஆஃபர் லெட்டரில் இருந்த தொகை பல சமயம் ஒன்றேதான். வித்தியாசம் வேறு மூன்று இடங்களில் இருக்கிறது: மாதக் கடைசியில் கையில் என்ன மிஞ்சுகிறது, போவதற்குப் போட்ட பணம் எத்தனை மாதத்தில் திரும்புகிறது, நடுவில் வேலை போனால் அந்த நாட்டில் எத்தனை நாள் இருக்கலாம்.

மிச்சத்தைக் கணக்குப் போடுவது

எந்த நாட்டுப் பணத்துக்கும் பொருந்தும்படி ஒரு கணக்கைப் பார்ப்போம். இப்போது ஒருவர் கையில் வாங்கும் சம்பளம் மாதம் 100. வீட்டுச் செலவு 75, சேமிப்பு 25. வெளிநாட்டில் தருவதாகச் சொல்லும் சம்பளம், மாற்று விகிதப்படி, 320. பார்வைக்கு மூன்று மடங்குக்கும் மேல்.

வருமான வரி, சமூகப் பாதுகாப்புப் பிடித்தம் இரண்டும் சேர்த்து கால் பங்கு போனால் மீதி 240. வாடகை 80. சாப்பாடு, பஸ், போன், மற்ற சில்லறைச் செலவு 50. இப்போது 110 இருக்கிறது. வருஷத்துக்கு ஒரு தடவை ஊருக்கு வந்து போகும் டிக்கெட்டை மாதக் கணக்கில் பிரித்தால் 5. விசா புதுப்பிப்பு, காப்பீடு வகையில் இன்னொரு 5. பணம் அனுப்பும் கட்டணமும் மாற்று விகிதத்தில் விழும் இழப்பும் 3. கையில் 97. குடும்பம் ஊரிலேயே இருந்தால் அங்கே செலவு நிற்காது. 75-இல் போனவரின் பங்கு 25 குறைந்து 50 ஆகும், அவ்வளவுதான். கடைசியில் மிச்சம் 47.

ஊரில் இருந்தாலே 25 மிஞ்சியிருக்கும். ஆக, போனதால் கூடுதலாகக் கிடைப்பது மாதம் 22. இந்த 22-தான் முடிவெடுக்க வேண்டிய எண். 320 அதற்குப் போகும் வழியில் வந்த எண் மட்டுமே. நிறுவனமே தங்குமிடம் கொடுத்து, வரியும் இல்லாத நாடு என்றால் இதே 320 பிரமாதமான சம்பளமாகிவிடும். வாடகை சம்பளத்தில் பாதியைத் தின்னும் நகரமாக இருந்தால் 400 கூட வீண்தான். அதனால் வாடகையை மட்டும் யார் சொன்னதையும் நம்பாமல், அந்த நகரத்தின் வாடகை விளம்பரங்களில் வேலை செய்யப்போகும் இடத்திலிருந்து ஒரு மணி நேரப் பயண தூரத்துக்குள் பார்க்க வேண்டும். முன்பணம் எத்தனை மாத வாடகை என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். முதல் சம்பளம் வருவதற்குள் இந்த முன்பணத்துக்கே பலர் கையேந்த நேரிடுகிறது.

பணம் அனுப்பும் செலவைச் சில்லறை விஷயம் என்று விட்டுவிடக் கூடாது. உலக அளவில் 200 டாலர் அனுப்பச் சராசரியாக 6 சதவீதத்துக்கு மேல் செலவாகிறது என்று உலக வங்கி கண்காணித்துச் சொல்கிறது. 2030-க்குள் இதை 3 சதவீதத்துக்குக் கீழே கொண்டுவருவது ஐ.நா.வின் நிலையான வளர்ச்சி இலக்குகளில் ஒன்று. 'கட்டணம் இல்லை' என்று விளம்பரம் செய்பவர்கள் பெரும்பாலும் மாற்று விகிதத்தில் அதை எடுத்துக்கொள்கிறார்கள். எவ்வளவு அனுப்பினால் அந்தப் பக்கம் எவ்வளவு கையில் கிடைக்கும் என்ற ஒரே கேள்வியைக் கேட்டால் போதும்.

போட்ட பணம் எப்போது திரும்பும்

அந்த 22-ஐ வைத்துத்தான் அடுத்த கணக்கு. ஏஜென்ட் கட்டணம், மருத்துவப் பரிசோதனை, சான்றிதழ் சரிபார்ப்பு, விசா, டிக்கெட், முதல் மாதச் செலவு எல்லாம் சேர்த்து 330 ஆகிறது என்று வைப்போம். சொந்தப் பணமாக இருந்தால் 15 மாதத்தில் திரும்பும். இரண்டு வருஷ ஒப்பந்தம் என்றால் உண்மையான லாபம் கடைசி 9 மாதத்தில்தான், 198.

கடன் வாங்கிப் போட்டால் படம் மாறுகிறது. மாதம் 2 சதவீத வட்டி என்றால், அந்த 22 முழுவதையும் கட்டினாலும் கடன் தீர 18 மாதம் ஆகும். 3 சதவீதம் என்றால் 20 மாதத்துக்குச் சற்று மேல். 5 சதவீதம் என்றால் 28 மாதம், அதாவது இரண்டு வருஷ ஒப்பந்தமே முடிந்துவிடும், கடன் முடியாது. ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கக் கெஞ்ச வேண்டிய நிலைக்கு ஆள் வந்துவிடுவார். சம்பளத்தைக் குறைத்தாலும், வேலை நேரத்தைக் கூட்டினாலும் வாய் திறக்க முடியாது.

வேலைக்கு எடுக்க ஆகும் செலவைத் தொழிலாளியிடம் வாங்கவே கூடாது என்பதுதான் சர்வதேச நெறி. 1997-இல் நிறைவேறிய ஐ.எல்.ஓ.வின் 181-ஆம் எண் உடன்படிக்கை, தனியார் வேலைவாய்ப்பு நிறுவனங்கள் தொழிலாளியிடம் நேரடியாகவோ மறைமுகமாகவோ, முழுதாகவோ பகுதியாகவோ கட்டணம் வாங்கக் கூடாது என்கிறது, விதிவிலக்குகள் குறைவு. பல நாடுகள் அதில் கையெழுத்திடவில்லை, சில நாடுகள் ஓர் உச்ச வரம்பு வைத்துக் கட்டணத்தை அனுமதிக்கின்றன. உங்கள் நாட்டில் சட்டம் அனுமதிக்கும் தொகை என்ன என்பதை அரசு இணையதளத்தில் பார்த்துவிட்டு ஏஜென்டிடம் பேசுங்கள். ரசீது தர மறுக்கும் தொகை எதுவானாலும் அது சட்டத்துக்கு வெளியே இருக்கிறது என்று எடுத்துக்கொள்ளலாம்.

ஐ.நா. இந்தச் செலவை அளக்கும் முறை சாதாரண ஆளுக்கும் உதவும்: ஏறும் மொத்தச் செலவு, அங்கே வாங்கப்போகும் சம்பளத்தில் எத்தனை மாதத்துக்குச் சமம்? ஒரு மாதத்துக்குள் இருந்தால் நல்லது. மூன்று மாதம் என்றால் பேரம் பேச வேண்டும். ஆறு மாதச் சம்பளத்தைக் கடன் வாங்கிக் கொடுத்துத்தான் போக முடியும் என்றால் அந்த வேலையை விட்டுவிடுவதே மேல். இந்த அளவுகள் எந்தச் சட்டத்திலும் இல்லை, அனுபவ மதிப்பீடுதான்; ஆனால் மேலே பார்த்த வட்டிக் கணக்கு அவற்றை ஒத்துக்கொள்கிறது.

விசா யார் கையில்

சொந்த நாட்டில் வேலை போனால் வேலை மட்டும்தான் போகும். வெளிநாட்டில் பல விசாக்களில் வேலையோடு சேர்ந்து தங்கும் உரிமையும் போகிறது. எத்தனை நாளில் போகிறது என்பது நாட்டுக்கு நாடு மாறும்.

அமெரிக்காவின் எச்-1பி விசாவில் வேலை நின்ற நாளிலிருந்து அதிகபட்சம் 60 நாள் அவகாசம். அதற்குள் வேறு நிறுவனம் மனு போட வேண்டும், அல்லது வேறு விசாவுக்கு மாற வேண்டும், இல்லாவிட்டால் கிளம்ப வேண்டும். பிரிட்டனில் ஸ்பான்சர் செய்த நிறுவனம் விலகினால் உள்துறை அனுப்பும் கடிதம் பொதுவாக 60 நாள் தரும். சிங்கப்பூரில் எம்ப்ளாய்மென்ட் பாஸ் ரத்தானால் வழக்கமாக 30 நாள். ஆஸ்திரேலியா 2024 ஜூலை 1 முதல் இதைத் தளர்த்தியது: ஸ்பான்சர் விசாவில் இருப்பவர் ஒரே தடவையில் 180 நாள் வரையும், விசாக் காலம் முழுவதிலும் மொத்தம் 365 நாள் வரையும் வேறு வேலை தேடலாம். ஜெர்மனியில் ப்ளூ கார்டு (உயர்திறன் பணியாளர்களுக்கான தங்கும் அனுமதி) உள்ளவர் முதல் 12 மாதத்துக்குள் வேலை மாறினால் அயல்நாட்டவர் அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும். நிபந்தனை பொருந்தாவிட்டால் அது மறுக்கலாம். ஓர் ஆண்டு தாண்டியபின் அந்தக் கட்டு தளர்ந்துவிடும்.

புதிதாக ஒரு வேலை தேடி, நேர்காணல் முடித்து, அந்த நிறுவனம் விசா மனுவும் போட எவ்வளவு காலம் ஆகும் என்று உங்கள் துறையை வைத்து யோசித்துப் பாருங்கள். மென்பொருள் துறையில் நல்ல காலத்தில் 60 நாள் போதும். ஆட்குறைப்பு நடக்கும் ஆண்டில், ஒரே நகரத்தில் ஆயிரம் பேர் ஒரே வேலையைத் தேடும்போது, 60 நாள் என்பது ஒன்றுமில்லை. வீட்டு ஒப்பந்தம், காரின் தவணை, பிள்ளையின் பள்ளிக்கூடம் எல்லாவற்றையும் அந்த 60 நாளுக்குள் மூட்டை கட்ட வேண்டும்.

வளைகுடா நாடுகளில் நடைமுறையில் இருந்த கஃபாலா முறையில் இந்தக் கட்டு இன்னும் இறுக்கம். தங்கும் அனுமதி ஸ்பான்சர் பெயரோடு பிணைந்திருக்கும். அவர் சம்மதிக்காமல் வேலை மாற முடியாது. கத்தார் 2020-இல் முதலாளியின் தடையில்லாச் சான்று இல்லாமலே வேலை மாறலாம் என்று சட்டம் கொண்டுவந்தது. சவூதி அரேபியா 2021 மார்ச்சில் ஒரு சீர்திருத்தம் செய்தது. ஆனால் வீட்டு வேலை செய்பவர்கள், வீட்டு ஓட்டுநர்கள் போன்றவர்கள் அதில் சேரவில்லை. அங்கே 'ஹுரூப்' என்று ஒன்று உண்டு: ஆள் ஓடிப்போய்விட்டார் என்று முதலாளி பதிவு செய்வது. அந்தப் பதிவு விழுந்தால், சம்பளப் பாக்கி கேட்கப் போனவரே சட்டவிரோதமாகத் தங்கியவர் ஆகிவிடலாம். அதனால் 'அந்த நாட்டில் சட்டம் மாறிவிட்டது' என்ற செய்தியோடு நிற்காமல், 'என் வேலை வகைக்கு அது பொருந்துமா' என்று கேட்க வேண்டும். சட்டம் கட்டடத் தொழிலாளிக்கு ஒன்றாகவும் வீட்டுப் பணியாளருக்கு வேறாகவும் இருப்பது சாதாரணம்.

பெரிய கடனும், ஒரே முதலாளியோடு பிணைந்த விசாவும் ஒன்றாகச் சேர்வதுதான் மிக ஆபத்தான கூட்டு. இரண்டில் ஒன்று மட்டும் இருந்தால் சமாளிக்கலாம். கடன் இல்லாதவர் ஒரு டிக்கெட் எடுத்துத் திரும்பிவிடுவார். கடன் இருந்தாலும் விசா சுதந்திரமாக இருந்தால் வேறு வேலைக்குப் போய்விடுவார். இரண்டும் இருந்தால் எந்தப் பக்கமும் நகர முடியாது. கட்டாய உழைப்பை அடையாளம் காண ஐ.எல்.ஓ. வகுத்த 11 அறிகுறிகளில் கடன் பிணைப்பும் ஒன்று, சம்பளத்தைப் பிடித்து வைப்பது இன்னொன்று, அடையாள ஆவணங்களை வாங்கி வைத்துக்கொள்வது மற்றொன்று. 'பாதுகாப்புக்காக' பாஸ்போர்ட்டை நிறுவனம் வைத்துக்கொள்ளும் என்று யாராவது சொன்னால் அதைச் சாதாரண வழக்கமாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

நிரந்தரமாகத் தங்கும் எண்ணம் இருந்தால் வயதும் கணக்கில் வருகிறது. கனடாவின் நிரந்தரக் குடியேற்றத் தேர்வு முறையான எக்ஸ்பிரஸ் என்ட்ரியில் வயதுக்கான முழு மதிப்பெண் 20 முதல் 29 வரை. அதன்பின் ஆண்டுக்கு ஆண்டு குறையும். ஆஸ்திரேலியப் புள்ளி முறையில் 25 முதல் 32 வரை உச்சம், 45-க்கு மேல் பொதுவாகக் கதவு மூடல். அமெரிக்காவில் கிரீன் கார்டுக்கு ஒரே நாட்டில் பிறந்தவர்களுக்கு ஆண்டு ஒதுக்கீட்டில் 7 சதவீதத்துக்கு மேல் கிடையாது. மக்கள் தொகை பெரிய நாடுகளில் பிறந்தவர்கள் வரிசையில் பல ஆண்டுகள் நிற்பதற்கு இதுவே காரணம். ஜப்பானின் 'குறிப்பிட்ட திறன்' விசாவில் முதல் வகை பொதுவாக மொத்தம் 5 ஆண்டு, குடும்பத்தை அழைத்துவர முடியாது. இரண்டாம் வகைக்குத் தேறினால்தான் அது முடியும். போகிற பாதை எங்கே முடிகிறது என்று முதலிலேயே தெரிந்தால், 35 வயதில் திகைத்து நிற்க வேண்டியதில்லை.

ஒப்பந்தத்தை எப்படிப் படிப்பது

மொத்தச் சம்பளத்தை விட்டுவிட்டு பேசிக் எவ்வளவு, அலவன்ஸ் எவ்வளவு என்று பிரித்துப் பாருங்கள். ஐக்கிய அரபு அமீரகத்தை எடுத்துக்கொண்டால், ஓராண்டாவது வேலை செய்தவருக்குப் பணிக்கொடை உண்டு: முதல் ஐந்து ஆண்டுக்கு, ஆண்டுக்கு 21 நாள் சம்பளம், அதற்கு மேல் ஆண்டுக்கு 30 நாள். இந்தச் சம்பளம் என்பது பேசிக் மட்டும். மாதம் 100 என்ற ஒரே மொத்தத்தில் ஒரு நிறுவனம் பேசிக்கை 70 என்றும் இன்னொன்று 40 என்றும் போட்டால், ஐந்தாண்டு முடிவில் முதலாமவர் 245 வாங்குவார், இரண்டாமவர் 140-தான் வாங்குவார். ஓவர்டைமும் பேசிக்கை வைத்தே கணக்கிடப்படுகிறது. பேசிக்கைக் குறைத்து அலவன்ஸைக் கூட்டுவது அதனால்தான் முதலாளிகளுக்குப் பிடித்தமான வழி. சேரும் முன் இதைப் பேசித் திருத்த வாய்ப்பு உண்டு, சேர்ந்தபின் கிடையாது.

வேலை நேரம் வாரத்துக்கு எத்தனை மணி என்று எழுத்தில் இருக்க வேண்டும். சோதனைக் காலம் எத்தனை மாதம், அதற்குள் யார் விலகினாலும் டிக்கெட் செலவு யாருடையது என்பதையும் பாருங்கள். மருத்துவமனைகளிலும் மென்பொருள் நிறுவனங்களிலும் 'பாண்ட்' என்று ஒரு ஷரத்து வரும்: இரண்டு ஆண்டுக்குள் விலகினால் பயிற்சிச் செலவைத் திருப்பித் தர வேண்டும் என்பது. தொகை மாதா மாதம் குறைந்துகொண்டு வருகிறதா, கடைசி நாள் வரை முழுத் தொகையா என்பதில்தான் விஷயம் இருக்கிறது. நிறுவனமே வேலையை விட்டு நீக்கினாலும் பாண்ட் தொகை கேட்கும்படி எழுதியிருக்கிறதா என்று ஒருமுறைக்கு இருமுறை படியுங்கள்.

ஊரில் கையெழுத்துப் போட்டது ஒரு ஒப்பந்தம், விமான நிலையத்திலிருந்து நேராக அலுவலகம் போனதும் நீட்டுவது வேறொன்று. இப்படி ஒப்பந்தத்தையே மாற்றுவது பழைய தந்திரம், இன்றும் நடக்கிறது. இரண்டாவது காகிதம் பெரும்பாலும் உள்ளூர் மொழியில் மட்டும் இருக்கும், நீதிமன்றத்தில் செல்லுபடியாவதும் அந்த மொழி வடிவம்தான். பல நாடுகளில் வேலை ஒப்பந்தம் தொழிலாளர் அமைச்சகத்தில் பதிவாகிறது. பதிவான பிரதியை, அதன் எண்ணோடு, கிளம்பும் முன்பே வாங்கி வைத்துக்கொண்டால் மாற்றிவிட்டார்கள் என்பதை நிரூபிக்க முடியும். அதன் படம் உங்கள் போனில் மட்டும் இருந்தால் போதாது. ஊரில் ஒருவரிடமும் இருக்க வேண்டும்.

படிப்பு செல்லுமா, உடம்பு தேறுமா

உரிமம் தேவைப்படாத வேலைகளில் பட்டத்தின் அங்கீகாரம் விசாவுக்கு மட்டும் தேவை. மருத்துவர், செவிலியர், ஆசிரியர், சில பொறியாளர்கள் போன்றோருக்கு உரிமம் இல்லாமல் அந்தப் பெயரில் வேலையே கிடையாது. ஜெர்மனியில் செவிலியராகப் பதிவு பெற வெளிநாட்டுப் படிப்பு சரிபார்க்கப்பட வேண்டும், ஜெர்மன் மொழியில் பொதுவாக பி2 நிலை (சரளமாகப் பேசும் இடைநிலைத் தேர்ச்சி) வேண்டும். அது முடியும் வரை உதவியாளர் சம்பளம்தான். அமெரிக்காவுக்குச் செவிலியர் உரிமத் தேர்வான என்கிளெக்ஸ்-ஆர்என். பிரிட்டனில் கணினித் தேர்வோடு ஒரு செய்முறைத் தேர்வும் உண்டு, அதை அங்கே போய்த்தான் எழுத வேண்டும். செய்முறைத் தேர்வில் தோற்றால் என்ன சம்பளம், எத்தனை வாய்ப்பு, அந்தச் செலவு யாருடையது? ஆஃபர் லெட்டரில் இதற்குப் பதில் இல்லையென்றால் எழுதிக் கேளுங்கள்.

சான்றிதழ்கள் உண்மையானவை என்று அரசு போடும் அப்போஸ்டில் முத்திரை 1961-ஆம் ஆண்டு ஹேக் உடன்படிக்கையில் சேர்ந்த நாடுகளுக்கிடையே செல்லும். சீனா 2023 நவம்பரிலும் கனடா 2024 ஜனவரியிலும் அதில் வந்து சேர்ந்தன. அமீரகம் போன்று சேராத நாடுகளுக்கு வெளியுறவு அமைச்சகம், பிறகு தூதரகம் என்று நீண்ட சங்கிலி. பல்கலைக்கழகத்திடம் நேரடியாகக் கேட்டு உறுதி செய்யும் நாடுகளும் உண்டு. பழைய பல்கலைக்கழகம் பதில் அனுப்பத் தாமதித்தால் மொத்தமும் நின்றுவிடும். இதை முதலில் தொடங்க வேண்டும்.

மருத்துவப் பரிசோதனையை எல்லோரும் கடைசியில் வைக்கிறார்கள், அது தப்பு. வளைகுடா விசாவுக்கான பரிசோதனையில், எப்போதோ வந்து குணமான காசநோயின் தழும்பு நெஞ்சு எக்ஸ்ரேயில் தெரிந்தாலே 'அன்ஃபிட்' என்று தள்ளப்படுவதுண்டு. ஏஜென்டுக்கு முன்பணம் கொடுக்கும் முன் சொந்தச் செலவில் ஒரு எக்ஸ்ரேயும் ரத்தப் பரிசோதனையும் எடுத்துக்கொள்வது மிக மலிவான காப்பீடு.

வரியும் ஓய்வூதியமும்

183 நாள் விதியை எல்லோரும் அரைகுறையாகத் தெரிந்து வைத்திருக்கிறார்கள். '183 நாளுக்குள் இருந்தால் அங்கே வரி இல்லை' என்பது ஓ.இ.சி.டி. (வளர்ந்த நாடுகளின் பொருளாதார அமைப்பு) வகுத்த மாதிரி வரி ஒப்பந்தத்தின் மூன்று நிபந்தனைகளில் ஒன்று மட்டுமே. சம்பளம் கொடுப்பவர் அந்த நாட்டைச் சேராதவராக இருக்க வேண்டும், அங்குள்ள கிளை நிலையத்தின் கணக்கில் அந்தச் சம்பளம் ஏறக் கூடாது என்பவை மற்ற இரண்டு. உள்ளூர் நிறுவனத்தில் சேர்ந்தால் முதல் நாளிலிருந்தே வரி உண்டு. சொந்த நாடு நீங்கள் வெளியேறியதை ஒத்துக்கொள்வதற்கு வேறு விதிகள் வைத்திருக்கும். போகும் ஆண்டிலும் திரும்பும் ஆண்டிலும் இரண்டு பக்கமும் கணக்குக் காட்ட வேண்டியிருக்கும். அமெரிக்காவும் எரித்ரியாவும் தங்கள் குடிமக்கள் எங்கிருந்தாலும் வரி கேட்கும் அபூர்வ நாடுகள்.

ஓய்வூதியப் பிடித்தத்தில் பலர் பணத்தை அப்படியே விட்டுவிட்டு வருகிறார்கள். ஜெர்மனியில் ஓய்வூதிய உரிமைக்கு 60 மாதப் பங்களிப்பு வேண்டும். அதற்குள் ஐரோப்பாவை விட்டுக் கிளம்பியவர், தகுதி இருந்தால், 24 மாதம் கழித்துத் தன் பங்கை மட்டும் திரும்பக் கேட்கலாம். முதலாளியின் பங்கு வராது. ஆகவே 57-ஆம் மாதம் கிளம்புவதா, மூன்று மாதம் சமாளிப்பதா என்பது யோசிக்க வேண்டிய கேள்வி. ஜப்பானில் ஓய்வூதியத்துக்கு 10 ஆண்டு. அதற்குமுன் கிளம்பினால் ஒருமுறைத் தொகை கேட்டு, நாட்டை விட்டு வெளியேறிய 2 ஆண்டுக்குள் விண்ணப்பிக்க வேண்டும். அமெரிக்காவில் 40 கிரெடிட் (வேலை செய்து சேர்க்கும் புள்ளி), ஆண்டுக்கு அதிகபட்சம் 4 என்பதால் 10 ஆண்டு. இரு நாட்டுக்கும் இடையே சமூகப் பாதுகாப்பு ஒப்பந்தம் இருந்தால் இரண்டு நாட்டு ஆண்டுகளையும் கூட்டிக் காட்டலாம். உங்கள் நாட்டுக்கு அது இருக்கிறதா என்று பார்க்கப் பத்து நிமிடம் போதும்.

குடும்பம்

மேலே போட்ட கணக்கில் குடும்பம் ஊரில் இருப்பதாக வைத்தோம். கூடவே போனால் முழுக் கணக்கும் மாறும். துணைக்கு அங்கே வேலை செய்ய அனுமதி உண்டா என்பதுதான் பெரிய கேள்வி. ஜெர்மனி ப்ளூ கார்டில் துணை வேலை செய்யலாம். அமெரிக்காவில் எச்-1பி உள்ளவரின் துணைக்குத் தரும் எச்-4 விசாவில், எச்-1பி உள்ளவரின் கிரீன் கார்டு மனு ஒரு கட்டம் தாண்டினால்தான் முடியும். இரண்டு பேரும் சம்பாதித்த வீட்டில் ஒருவர் சம்பளம் நின்றால், போனதால் கிடைக்கும் கூடுதலே எதிர்மறையாகலாம். விதிகளும் நடுவில் மாறும்: பிரிட்டன் 2024 மார்ச் 11 முதல் பராமரிப்புப் பணியாளர்கள் குடும்பத்தை அழைத்து வருவதை நிறுத்தியது. ஏற்கனவே வந்தவர்களுக்குப் பெரிதாகப் பாதிப்பில்லை. வரத் திட்டமிட்டிருந்தவர்களின் கணக்குத்தான் ஒரே நாளில் கவிழ்ந்தது.

முதியவர்களின் நிலை எண்ணில் அடங்காது. ஆனால் ஒரு நள்ளிரவில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக யார், பணம் எடுக்கக் கையெழுத்துப் போட யாருக்கு அதிகாரம், அவசரமாக வர எத்தனை மணி நேரம் ஆகும், அந்த வேலையில் அவசர விடுப்பு உண்டா என்ற நான்கும் பெயரோடு பதில் சொல்லக்கூடிய கேள்விகள்.

ஏமாற்று வேலைகள்

'டேட்டா என்ட்ரி, மார்க்கெட்டிங், தாய்லாந்தில் நல்ல சம்பளம், டிக்கெட் நாங்களே தருகிறோம்' என்ற விளம்பரத்தை நம்பிப் போனவர்கள் பாங்காக்கில் இறங்கி, காரில் மே சொட் எல்லைக்குக் கொண்டுபோகப்பட்டு, ஆற்றைக் கடந்து மியான்மரின் மியாவடிப் பக்கம் இணைய மோசடிக் கூடங்களில் அடைபட்டதுண்டு. 2023-இல் ஐ.நா. மனித உரிமை அலுவலகம் மியான்மரில் குறைந்தது 1,20,000 பேரும் கம்போடியாவில் சுமார் 1,00,000 பேரும் இப்படி அடைபட்டிருக்கலாம் என்று சொன்னது. அதில் படித்த பட்டதாரிகளும் நிறைய. அடையாளங்கள் ஒன்றேதான்: நேர்காணல் சாட்டில் மட்டும், வேலைக்குச் சம்பளம் பொருத்தமில்லாமல் அதிகம், சுற்றுலா விசாவில் வரச் சொல்வது, அலுவலக முகவரி கடைசி வரை மங்கலாக இருப்பது. 'அங்கே போனதும் விசாவை மாற்றிக்கொள்ளலாம்' என்ற ஒரு வாக்கியம் போதும், அங்கேயே நிறுத்திவிட.

நிறுவனத்தின் பெயர் அரசுப் பட்டியலில் இருக்கிறதா என்று பார்ப்பது முதல் படி. பிரிட்டன் உரிமம் பெற்ற ஸ்பான்சர்களின் பட்டியலை வெளியிடுகிறது. பட்டியலில் பெயர் இருப்பதாலேயே உங்கள் வேலை உண்மை ஆகிவிடாது. உண்மையான நிறுவனத்தின் பெயரில் போலிக் கடிதம் தயாரிப்பது கடினமில்லை. நிறுவனத்தின் சொந்த இணையதளத்தில் உள்ள எண்ணுக்கு நீங்களே போன் செய்து, உங்கள் பெயரில் ஆஃபர் போட்டிருக்கிறார்களா என்று கேளுங்கள். ஆஃபர் லெட்டரில் அச்சாகியுள்ள எண்ணுக்குச் செய்து பயனில்லை. ஸ்பான்சர் சான்றிதழைக் காசுக்குத் தருகிறேன் என்பவர் உண்மையிலேயே சான்றிதழ் வைத்திருந்தாலும் அதை விற்பது குற்றம். பிடிபட்டால் உங்கள் விசாவும் போகும்.

யாரிடம் கேட்பது

அங்கே இருக்கும் உறவினரிடம் கேட்பதுதான் வழக்கம். அவர் சொல்வதும் முழு உண்மையாக இருக்காது, ஆனால் நாம் நினைக்கும் திசையில் அல்ல. நியூசிலாந்து 2002 முதல் டோங்கா தீவு மக்களுக்குக் குலுக்கல் முறையில் குடியேற்ற அனுமதி தருகிறது. குலுக்கலில் வென்றவர்களையும் தோற்றவர்களையும் ஒப்பிட்டு ஆய்வாளர்கள் பார்த்தார்கள்; இரு தரப்பும் ஒரே மாதிரி ஆட்கள் என்பதால் போனதன் பலன் சுத்தமாகத் தெரியும். முதல் ஆண்டிலேயே வருமானம் 263 சதவீதம் கூடியது. அதே ஆய்வாளர்கள் இன்னொன்றும் கண்டார்கள்: கிளம்பும் முன் அங்கே எவ்வளவு சம்பாதிக்கலாம் என்று கேட்டபோது, ஆண்கள் உண்மையைவிடக் குறைவாகவே மதிப்பிட்டிருந்தார்கள். அங்கே இருந்த உறவினர்கள் தங்கள் வருமானத்தைக் குறைத்துச் சொன்னது அதற்கு ஒரு காரணமாக இருக்கலாம் என்றார்கள். அதிகம் சொன்னால் ஊரிலிருந்து அதிகம் கேட்பார்கள் அல்லவா?

ஏஜென்ட் கூட்டிச் சொல்வார், உறவினர் குறைத்துச் சொல்வார். இருவரையும்விட உபயோகமானவர், அதே நிறுவனத்தில் அதே வேலையைச் செய்து ஓராண்டுக்குள் விலகியவர். விலகியதற்குக் காரணம் என்ன, கடைசி மாதச் சம்பளம் முழுதாக வந்ததா என்று அவரிடம் கேளுங்கள். சம்பளத்தைப் பொறுத்தவரை 'எவ்வளவு வாங்குகிறீர்கள்' என்று யாரையும் கேட்காமல், 'மாதம் எவ்வளவு ஊருக்கு அனுப்ப முடிகிறது' என்று கேட்டால் நேர்மையான பதில் வர வாய்ப்பு அதிகம்.

எதை எதற்குப் பிறகு

வரிசை தப்பினால் நல்ல வேலையும் கையை விட்டுப் போகும். முதலில் சொந்தச் செலவில் உடல் பரிசோதனை, கூடவே சான்றிதழ் சரிபார்ப்பு. பிறகு ஒப்பந்தம் எழுத்தில், பேசிக்கும் பாண்டும் பேசி முடித்து. பிறகுதான் எந்தப் பணமும். இப்போதைய வேலையை ராஜினாமா செய்வது விசா கிடைத்து, அதில் பெயர், வேலை வகை, முதலாளி பெயர் மூன்றும் ஒப்பந்தத்தோடு பொருந்துகிறது என்று பார்த்த பிறகு. நோட்டீஸ் காலம் நீளமாக இருந்து புதிய நிறுவனம் அவசரப்படுத்தினால், சேரும் தேதியைத் தள்ளக் கேளுங்கள். விசா வரும் முன் ராஜினாமா செய்யச் சொல்லும் நிறுவனத்திடம், விசா மறுக்கப்பட்டால் என்ன தருவீர்கள் என்று எழுத்தில் கேட்கலாம். இப்போதைய முதலாளி சம்பளமில்லா நீண்ட விடுப்பு தருவார் என்றால் அதைக் கேட்க வெட்கப்பட வேண்டாம். அரசு வேலைகளில் பல நாடுகளில் இதற்கு விதியே உண்டு.

கையில் இருக்க வேண்டிய தொகை ஒன்றும் உண்டு. ஒருவழி டிக்கெட், அந்த நாட்டில் இரண்டு மாதச் செலவு, ஊரில் இரண்டு மாதக் கடன் தவணை மூன்றும் கூட்டி வருவது அது. இதை வெளிநாட்டு வங்கிக் கணக்கில் போடாமல், ஊரிலிருந்து நீங்களே எடுக்கக்கூடிய கணக்கில் வையுங்கள்; விசா ரத்தாகும்போது அங்குள்ள கணக்கு முடங்கலாம். இந்தத் தொகை சேரவில்லை என்றால் கிளம்பும் தேதியைத் தள்ளலாம். தொழில்முறை உரிமம் உள்ளவர்கள் அங்கே இருக்கும் காலத்திலும் ஊர் உரிமத்தைப் புதுப்பித்துக்கொண்டே வர வேண்டும். ஐந்து ஆண்டு விட்டுவிட்டு வந்து மறுபடி தேர்வு எழுத நேர்ந்தவர்கள் உண்டு.

போய்ச் சேர்ந்த ஆறாவது மாதம் அந்த 22-ஐ உண்மையான ரசீதுகளை வைத்து மறுபடி போட்டுப் பாருங்கள். 15-க்குக் கீழே இறங்கியிருந்தால், 330 திரும்ப 22 மாதத்துக்கு மேல் ஆகும். வாடகையைக் குறைப்பதா, வேறு முதலாளியைத் தேடுவதா, ஒப்பந்தம் முடிந்ததும் கிளம்புவதா என்பதை அப்போதே முடிவு செய்யலாம். ஒப்பந்தம் புதுப்பிக்கும் காகிதம் மேஜைக்கு வரும்வரை காத்திருந்தால் பேரம் பேச நேரம் இருக்காது.